மணி காட்டாத கடிகாரம்

என் கணவர் நன்றாகத் தூங்குகிறார் என்று கணினி சொன்னது. மிக நன்றாக. ஆய்வில் சேர்ந்த முன்னாள் ராணுவத்தினரில் இவ்வளவு நல்ல தூக்கத்தைத் தான் பார்த்ததில்லை என்று டாக்டர் திரையைப் பார்த்தபடியே சொன்னபோது, இவர் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன்.

லீவில் வந்து போய்க்கொண்டிருந்த காலத்தில் எனக்குத் தெரியவில்லை. லீவில் வருகிறவர் தூங்காமல் இருக்க எத்தனையோ காரணம், நானும் அப்போது புதுசு. பட்டாளத்தை விட்டு வந்து, பெங்களூரில் ஒரு ஐ.டி. வளாகத்தில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை கிடைத்து, லிங்கராஜபுரத்தில் மாடி வீடு பிடித்து, எல்லா நாளும் ஒரே கட்டில் என்று ஆன பிறகுதான் தெரிந்தது. இவர் தூங்குவதில்லை. படுத்திருக்கிறார்.

பக்கத்தில் படுக்கிற ஆளுக்கு மட்டும் தெரிகிற வித்தியாசம் அது. தூங்குகிற உடம்பு கனத்துப் போகும், மெத்தை அதை வாங்கிக்கொள்ளும். மூச்சு எங்கோ கீழே இறங்கிப் போய், வழி மறந்து, திரும்பி வரும். இவர் உடம்பு மெத்தைக்கு இடம் கொடுக்காது. மூச்சு ஒரே மட்டத்தில் நிற்கும், தொட்டியில் நிற்கிற தண்ணீர் மாதிரி. அந்தத் தண்ணீரின் ஓரத்தில் நானும் வருடக்கணக்காகப் படுத்திருக்கிறேன். விடிந்ததும் இரண்டு பேரும் எழுந்து, நன்றாகத் தூங்கினவர்களைப் போல ஒருவருக்கொருவர் காபி கொடுத்துக்கொள்வோம்.

இப்படியே போயிருக்கும். ஸ்கூட்டர்தான் காட்டிக்கொடுத்தது.

காலை டூட்டிக்கு இருட்டோடு கிளம்புவார். போன வருடம் மழைக்கு முன்னால் ஒருநாள், கிளம்பின கொஞ்ச நேரத்தில் ஆட்டோவில் திரும்பி வந்தார். முழங்கால் கிழிந்திருந்தது. ஹென்னூர் ரோட்டில் நாய் குறுக்கே வந்துவிட்டதாம், வண்டி டிவைடரில் ஏறிவிட்டதாம். நான் டெட்டால் எடுக்க உள்ளே திரும்பியபோது ஆட்டோக்காரர் வாசலிலேயே நின்றார்.

"நாயும் இல்ல ஒண்ணும் இல்லக்கா. சார் கண்ண மூடிக்கினே ஓட்டினு வந்தார். நான் பின்னாலயே ஹாரன் அடிச்சுக்கினு வர்றேன், கேக்கவே இல்ல."

அவர் போன பிறகு இவரிடம் கேட்டேன்.

"அவன் எதுனா சொல்வான். நாய்தான்."

"என்ன கலர்?"

"கறுப்பு," என்றார், யோசிக்காமல்.

அன்றிலிருந்து அந்தக் கறுப்பு நாய் எங்கள் வீட்டில் இருந்தது. அவர் கிளம்பிப் போனதும் என் கையில் இருக்கிற வேலை கையிலேயே நிற்கும். வீட்டிலிருந்து நான் செய்யும் வேலையும் அப்படிப்பட்டது. போனில் பேசுகிற இயந்திரக் குரலுக்குத் தமிழ் வாக்கியம் எழுதித் தருகிறேன். 'சற்றுக் காத்திருக்கவும்' என்பதை எத்தனை மரியாதையாகச் சொல்லலாம் என்று நாளெல்லாம் எழுதிப் பார்க்கிறவள், அவர் வளாகத்தின் கேட்டைத் தொட்டு 'ரீச்ட்' என்று மெசேஜ் அனுப்பும் வரை ஒரு வாக்கியத்தையும் முடிக்க மாட்டேன். பகலில் சேர்ந்த அசதி கண்ணுக்குப் பின்னால் மணல் மாதிரி நிற்கும். படுத்தால் கரையாது.

முன்னாள் ராணுவத்தினர் மருந்தகத்தில், இவருடைய பி.பி. மாத்திரைக்கு வரிசையில் நின்றபோதுதான் சுவரில் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். பட்டாளத்திலிருந்து வந்தவர்களின் தூக்கத்தைப் பற்றி ஒரு மருத்துவமனையில் ஆராய்ச்சி செய்கிறார்கள். முதல் கட்டத்தில் கையில் ஒரு கருவி கட்டி அனுப்புவார்கள். தூக்கம் கெட்டவர்கள் என்று அதில் தெரிந்தால் இரண்டாம் கட்டம். அதில்தான் சிகிச்சை, வாரா வாரம் டாக்டரோடு உட்கார்ந்து பேசுவது எல்லாம்.

"நம்மள வெச்சு ஆராய்ச்சியா?" என்றார் இவர். "எலிங்கல்லாம் எங்க போச்சாம்?"

"எலிங்க ஒழுங்கா தூங்குதாம்."

"எனக்கு இன்னா நோவு? ஷேப் ஒன்ல போனேன். ஷேப் ஒன்லயே வெளிய வந்தேன்."

ஷேப் ஒன் என்பது பட்டாளத்தில் உடம்புக்குக் கொடுக்கிற முதல் தரம். ஒரு குறையும் இல்லாத ஆள் என்று அர்த்தம். உடம்பு சரியில்லை என்று போய் நின்றால் தரம் இறங்கும், இறங்கினால் பதவி உயர்வு நிற்கும், கூட இருப்பவன் சிரிப்பான். காய்ச்சலோடு மலை ஏறுவதும் கால் வீக்கத்தோடு ஓடுவதுமாகக் காப்பாற்றிக் கொண்டுவந்த முதல் தரம் அது. மற்றவர்கள் மெடலை மாட்டி வைப்பார்கள், இவர் அதை உடம்புக்குள்ளேயே மாட்டி வைத்திருந்தார்.

"அந்த நாய்க்காகவாவது வாங்க," என்றேன். "மறுபடி குறுக்க வந்தா?"

இவர் எழுந்து போய் ஷூவுக்குப் பாலிஷ் போட்டார்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பெஞ்சு நிறைய இவரைப் போன்றவர்கள். யாரும் சொல்லாமலே பதவி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வந்தால், எந்த ரேங்க் என்று விசாரித்து, அதற்குத் தக்கபடி நகர்ந்து இடம் விட்டார்கள். முதலில் இருந்தவர் ஒரு சுபேதார். கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய தமிழர், மீசை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்துவிட்டு இவரிடம் சொன்னார்.

"இன்னா தம்பி, எஸ்கார்ட்டோட வந்துகிறியே?"

"எஸ்கார்ட் இல்ல சாப். அரெஸ்ட் பண்ணி இட்டாந்துகிறாங்க."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. சுபேதார் குரலைத் தாழ்த்தினார். "உள்ள தூக்கம் வருதான்னு கேப்பாங்க. வருதுன்னு சொல்லு. வரலேன்னியா, கேட்டகிரி டவுன்."

இதற்கும் சிரித்தார்கள். எல்லோரும் பென்ஷன் வாங்குகிறவர்கள், இறங்குவதற்கு யாரிடமும் எந்தத் தரமும் பாக்கி இல்லை. ஆனால் சிரித்து முடித்த முகங்களைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே எல்லோருக்கும் அதே கறுப்பு, ஒரே கடையில் வாங்கினது மாதிரி.

டாக்டர் இளம்பெண், தும்கூர்ப் பக்கம். வார்டுகளில் நோயாளிகளிடம் கற்றுக்கொண்ட தமிழ் அவளுடையது.

"அண்ணா, நைட்டு நித்திரை எப்படி வருது?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ், மேடம் சாப்."

"கெட்ட கனவு ஏதாவது?"

"நோ, மேடம் சாப்."

"சடக்குன்னு முழிப்பு?"

"நோ, மேடம் சாப்."

நான் வாயைத் திறந்தேன். அவள் கையை மெல்ல உயர்த்தினாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இப்ப அவரே சொல்லணும், ரூல் அது. வாட்ச் இருக்குல்லா, அது பொய் சொல்லாது."

அந்த வாட்ச் மணி காட்டவில்லை. கறுப்புப் பட்டை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. கை அசைவதை அது குறித்துக்கொள்ளும் என்றாள்.

"அசைஞ்சா?" என்று இவர் கேட்டார்.

"முழிச்சிருக்கீங்கன்னு எடுத்துக்கும்."

"அசையலேன்னா?"

"ரொம்ப நேரம் அசையலேன்னா, தூங்கறீங்கன்னு."

இவர் தலையசைத்தார். ஆர்டர் வாங்கிக்கொண்ட தலையசைப்பு அது.

வீட்டுக்கு வந்து இவர் செய்ததை எல்லாம் நான் அக்கறை என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் ஷேவ் செய்தார். நகம் வெட்டினார். படுக்கை விரிப்பை மூலை மூலையாக இழுத்து, சுருக்கமே இல்லாமல் மெத்தைக்கு அடியில் செருகினார். அந்தக் கருவியை ஈரத்துணியால் துடைத்துக் கட்டிக்கொண்டு, மல்லாந்து, கைகளை உடம்போடு சேர்த்துப் படுத்தார். மறுநாளும் அப்படியே. கருவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வரை அப்படியே. இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தயாராகிற ஆள். கட்டிலின் மறுபாதியில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, அந்த மட்டம் மாறாத மூச்சைக் கேட்டுக்கொண்டு, மெஷினாவது உண்மையைச் சொல்லட்டும் என்று நான் நம்பினேன்.

மெஷின் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று சொல்லிவிட்டது. இரண்டாம் கட்டத்துக்கு இவர் தேவையில்லை. எனக்கு முதலில் தோன்றியது ஸ்கூட்டர்தான். நாளைக் காலை அதே இருட்டு, அதே ரோடு.

"இவர் தூங்கலை மேடம்," என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"அவங்களுக்கு எப்படித் தெரியும் மேடம் சாப்?" என்றார் இவர், சிரித்துக்கொண்டே. "அவங்க நல்லா தூங்கினு இருந்தாங்க."

டாக்டர் திரையில் இருந்ததைக் கீழே இறக்கினாள், மேலே ஏற்றினாள். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"அண்ணா, இது ஸ்வல்ப அதிகமாவே நல்லா இருக்கு."

வேறு யாரோ ஒருவருடைய இரவு முதலில் தெரிந்தது, பேர் இல்லாமல். நன்றாகத் தூங்குகிறவர்தானாம். அதிலும் கோடுகள் அங்கங்கே எழும்பின, ஃப்ளைஓவரிலிருந்து பார்த்தால் தெரிகிற கட்டடங்கள் மாதிரி. அதற்குக் கீழே இவருடையது. ஒன்றுமே இல்லை. படுத்ததிலிருந்து எழுந்தது வரை ஒரே கோடு, விமானம் இறங்குகிற ஓடுபாதை.

"சின்னப் பாப்பாகூட தூக்கத்துல புரளும். கை மடக்கும், மூக்கு தேய்க்கும். தூங்கறவங்க அசைவாங்க அண்ணா. நீங்க அசையவே இல்ல. எப்படி?"

"ட்ரெயினிங், மேடம் சாப்," என்றார்.

பெருமையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. டாக்டர் காத்திருந்தாள். அவளுக்குக் காத்திருக்கத் தெரிந்திருந்தது.

"பார்டர்ல, மலை மேல போஸ்ட்ல அப்படித்தான் படுக்கணும்," என்றார் கொஞ்சம் கழித்து. "எதிர்ல அவங்க போஸ்ட். அசைஞ்சா தெரியும். விடியற வரைக்கும் அப்படியே. பக்கத்துல நம்ம ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருத்தன். கால் மரத்துப் போச்சுன்னு திரும்பிப் படுத்தான். கல்லு உருண்டுச்சு."

"அப்புறம்?"

"அவ்ளோதான், மேடம் சாப். சத்தம் வந்த எடத்துக்குச் சுட்டாங்க."

அந்தப் பையனை எனக்குத் தெரியும். பேர்ணாம்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். ஒவ்வொரு வருடமும் இவர் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய், அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார். அவன் உடம்பு பெட்டியில் வந்தது தெரியும். அந்தப் பெட்டியோடு கூட வந்தவர் இவர் என்பது தெரியும். கல் உருண்டது தெரியாது. இத்தனை வருடமும் அந்தக் கல் எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கிறது, நான் தினமும் அந்த இடத்தைப் பெருக்கியிருக்கிறேன்.

டாக்டர் எதையும் டைப் செய்யவில்லை. "இந்த ரிசல்ட்டை நான் எடுத்துக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது," என்றாள். "இன்னொரு தடவை கட்ட ரூல் இருக்கு. ஒரே ஒரு தடவை. வாட்சுக்கு நல்லா காட்டணும்னு நினைக்காதீங்க அண்ணா. முழிப்பு இருந்தா முழிச்சிருங்க. எழுந்திருக்கணும்னு தோணினா எழுந்திருங்க. மறுபடி இதே மாதிரி வந்தா உங்களை செகண்ட் ஸ்டேஜ்ல சேர்க்க என்னால முடியாது."

வீட்டுக்கு வந்து நான் குக்கரை ஏற்றினேன். இவர் சமையலறை வாசலில் நின்றார், கையில் அந்தக் கருவி.

"எழுந்திருக்கச் சொல்றாங்க," என்றார்.

"எழுந்திருங்களேன்."

"எழுந்தா நீ முழிச்சுக்குவ."

"நான் எப்ப தூங்கினேன்?"

"நீ தூங்குவியே. நான் பாத்துனேதான இருப்பேன். கட்டையாட்டம் கெடப்ப. அசைஞ்சா நீ எழுந்துருவேன்னுதான் நானும்..."

கரண்டியைக் கீழே வைத்தேன். "நீங்க முழிச்சிருக்கிறது எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு நானும் அசையாம கெடப்பேன்."

குக்கர் விசில் அடித்தது. அடங்கும் வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அப்ப உனக்கும் ஒண்ணு கட்டச் சொல்லலாமா?" என்றார்.

"கட்டினா எனக்கும் ஃபர்ஸ்ட் கிளாஸ்தான் வரும்."

சிரித்தோம் என்று சொல்ல முடியாது. சிரிப்புக்கு வேண்டிய தெம்பு இல்லை. மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வந்தது, இரண்டு பேருக்கும்.

எழுந்திருப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. முதலில் கட்டில் விளிம்பு வரைக்கும்தான் அவரால் வர முடிந்தது. அனுமதி இல்லாத எல்லையில் நிற்கிற மாதிரி, கால் தரையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். வேர்வையில் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. நான் லைட்டைப் போட்டேன். போடாதே என்பது போல அவர் கை உயர்ந்தது, பிறகு தானாகத் தாழ்ந்தது. லைட் எரிந்தது, ஒன்றும் ஆகவில்லை. கீழே யாரோ இருமினார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்தார். ஹாலிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து ஹால். ரவையைச் சலித்து வைத்தார். துணிகளை மடித்து, பிடிக்காமல், பிரித்து மறுபடி மடித்தார். நானும் எழுந்துவிடுவேன். வருடக்கணக்காக ஒளிந்திருந்த எங்கள் அசதி இப்போது வெளியே வந்து வீட்டுக்குள் நடமாடியது. அதைப் பார்க்க அசிங்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. பகலில் நான் எழுதின வாக்கியங்களில் எழுவாய் காணாமல் போயிற்று, ஆபீசிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். அந்த நாட்களில் இவரை ஸ்கூட்டர் எடுக்க விடவில்லை. லீவு போடச் சொல்லிவிட்டேன்.

கீழ் வீட்டு ஓனர் ஆன்ட்டி மாடிப்படியில் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, சார் மேல யாருக்கு கார்டு டூட்டி பாக்குறார்? தலைக்கு மேல லெஃப்ட் ரைட், லெஃப்ட் ரைட்."

"ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க ஆன்ட்டி. கொஞ்ச நாளைக்குத்தான்."

"நடக்கச் சொல்லியா? அந்த நேரத்துலயா? எந்த ஆஸ்பத்திரிம்மா அது?"

"ஆராய்ச்சி ஆன்ட்டி."

"ஓ," என்றார். யோசித்தார். "ரப்பர் செப்பல் போட்டுக்கினு ஆராய்ச்சி பண்ணச் சொல்லு."

இந்த முறை திரையில் கட்டடங்கள் இருந்தன. நகரம் முழுக்க. ஓடுபாதையைக் காணோம். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வையில் சந்தோஷம் இருந்தது, அதற்காக அவளுக்கே கொஞ்சம் கூச்சமும் இருந்தது.

"செகண்ட் ஸ்டேஜ்ல சேர்த்துட்டேன் அண்ணா. ஆனா இப்ப இருக்கற பேட்ச் முடியணும். அடுத்தது ஆரம்பிக்க சில மாசம் ஆகும். காத்திருக்கணும்."

"சரி, மேடம் சாப்."

"அதுவரைக்கும் வண்டி ஓட்டக்கூடாது. ஒரு நாள்கூட."

இவர் அதற்குத் தலையசைக்கவில்லை. வேறொன்று கேட்டார். "இது எந்த கேட்டகிரில வரும்?"

"கேட்டகிரியா? அதெல்லாம் இங்க இல்லண்ணா. உங்களுக்குத் தூக்கம் வரல, அவ்ளோதான்."

அவருக்கு அது போதவில்லை என்று தெரிந்தது. ஷேப் டூ என்று சொல்லியிருந்தாலாவது நிற்க ஒரு படி கிடைத்திருக்கும். வெறுமனே தூக்கம் வராத ஆள், ஊரில் எத்தனையோ பேரைப் போல. வெளியே வந்தோம். சுபேதார் பெஞ்சின் முதல் இடத்தில் இருந்தார், அவருக்கு அன்று ஏதோ தேதி.

"இன்னா ஆச்சு தம்பி? ஃபர்ஸ்ட் கிளாஸா?"

இவர் ஒரு கணம் நின்றார். நான் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஃபெயில், சாப்."

பெஞ்சு சிரிக்கத் தயாராகி, சுபேதாரைப் பார்த்தது. அவர் சிரிக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு, இவரைக் கிட்டே குனியச் சொல்லி, "அந்தப் பொண்ணாண்ட சொன்னா வெளிய போவாதே?" என்று கேட்டார்.

"போவாது சாப்."

வீட்டுக்கு வந்ததும் ஸ்கூட்டரைக் காம்பவுண்டு சுவரோரம் தள்ளி நிறுத்தினார். துடைத்தார், கவர் போட்டு மூடினார். மேலே வந்து, சாவியை இரண்டு கையிலும் ஏந்தி என் முன்னால் நீட்டினார். டூட்டி முடிந்தால் துப்பாக்கியை ஆயுதக் கிடங்கில் இப்படித்தான் ஒப்படைப்பார்களாம், குண்டு இல்லை என்று காட்டிவிட்டு.

"ஜமா," என்றார், ஒப்படைத்தாயிற்று என்பதற்கான பட்டாளத்து ஹிந்தியில்.

வாங்கி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். இப்போது இரண்டு பஸ் மாறிப் போகிறார். அதற்கு இன்னும் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருப்பதில் என்ன, முழித்துக்கொண்டுதானே இருக்கிறார். 'ரீச்ட்' என்று மெசேஜ் வருகிறது, முன்பைவிடத் தாமதமாக. ஆனால் கறுப்பு நாயை நினைக்காமல் அதற்குக் காத்திருக்க முடிகிறது. புது பேட்ச் இன்னும் தொடங்கவில்லை. 'சற்றுக் காத்திருக்கவும்' என்பதற்கு இன்னும் நல்ல வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

நேற்று அவருக்கு வீக்லி ஆஃப். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தோம், ஜன்னலில் வெயில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் புரண்டு படுத்தார். கட்டில் கிறீச்சிட்டது. உடனே அவர் மூச்சு நின்றது, சத்தம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்கிற மாதிரி.

"நான் முழிச்சுனுதான் இருக்கேன்," என்றேன்.

"தெரியும்," என்றார். பிறகு அந்தப் பக்கம் வசதிப்படவில்லை போல, இந்தப் பக்கமாக இன்னொரு தடவை புரண்டார்.